கொல்லையில் ஒரு குளம்

நீச்சல் குளத்தை மலாயில் 'கோலாம் ரெனாங்' என்கிறார்கள். அந்தக் 'கோலாம்' எங்கிருந்து போனது தெரியுமா? நம்முடைய குளம்தான் அது! கப்பலேறிப் போன தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. சொல் நம்முடையது, ஆனால் தோட்டங்களில் அந்தப் பொருள் வெகுகாலம் நம்முடையதாக இருக்கவில்லை. பங்களாவிலும் கிளப்பிலும் இருந்த நீல நிறக் குளத்தைத் தேய்த்துக் கழுவியது நம் கைகள். நம் பிள்ளைகள் குதித்தது ஆற்றிலும், அலூரிலும், ஈயக்குட்டையிலும்தான்.

காலம் மாறியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சில, சுங்கை பூலோ, ரவாங், காப்பார் பக்கங்களில் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியிருக்கின்றன. படித்து முன்னேறிய மகனோ மகளோ, "அப்பா, பின்னால் இடம் சும்மாதானே கிடக்கிறது, ஒரு குளம் வைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். மறுபுறம், ஊரார் வீட்டு நீச்சல் குளங்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை இரு சாராருக்கும்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது நீலத் தொட்டியா, குளமா?

நீலத் தொட்டி என்பது சிமிந்தியும் ஓடும் பதித்து, குளோரின் மருந்து போட்டு வைப்பது. அதில் எந்த உயிரும் வாழக்கூடாது என்பதுதான் அதன் சட்டம். குளம் என்பது வேறு. அங்கே செடியும், கூழாங்கல்லும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சேர்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. மருந்து கிடையாது. ஆஸ்திரியா நாட்டில் 1970களில் வெர்னர் காமெரித் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் இப்படி ஒரு நீந்தும் குளத்தை அமைத்தார். 1980களில் அதைக் கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே தோன்றின. பிறகு ஜெர்மனிக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவிற்று. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம் 2015இல் பொதுமக்களுக்கே இப்படியொரு குளத்தைத் திறந்து விட்டது.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று வியந்து நின்றுவிடாதீர்கள். இலங்கையில் அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் 'குட்டம் பொக்குண' என்னும் இரட்டைக் குளங்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பிக்குகள் நீராடிய குளங்கள். தண்ணீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக வந்து, முதலில் சிறிய கல்தொட்டிகளில் தங்கும். மண்ணும் வண்டலும் அங்கேயே அடியில் படிந்துவிடும். தெளிந்த நீர் மட்டும் மகர வாய் வழியாகக் குளத்துக்குள் விழும். 'வடிகட்டித் தொட்டி' என்று இன்று நாம் காசு கொடுத்து வாங்குவதைக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள்! நீங்கள் வீட்டில் எதைக் கட்டினாலும் இந்த ஒரு முறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் முதலில் தங்க வேண்டும், பிறகு செடிக்குள் போக வேண்டும், அப்புறம்தான் ஆள் இறங்கும் இடத்துக்கு வரவேண்டும்.

அதே இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம என்னும் இடத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. அதன் நீச்சல் குளத்து ஓரத்தில் நின்று பார்த்தால், குளத்து நீரும் எதிரே உள்ள பழைய ஏரி நீரும் ஒன்றாகச் சேர்ந்தது போலத் தோன்றும். நம் கொல்லையில் ஏரியா இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அவர் செய்ததன் சூட்சுமம் நமக்கும் உதவும். நிலம் எப்படிச் சரிகிறதோ, கண் எந்தப் பக்கம் போகிறதோ, அதற்கேற்பத் தண்ணீரை வைத்தார். நிலத்தைத் தொட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தள்ளவில்லை.

மண்ணைப் பாருங்கள், மழையைப் பாருங்கள்

சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. பெயருக்கேற்ற மண் இது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கேதான் பல்லாண்டு காலம் வைத்திருந்தது. அந்தப் பால் மரக் காடுகளின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்னும் புது நகரமாகி, ரயில் நிலையமும் வந்துவிட்டது. மரம் போன இடத்தில் தார்ச்சாலை வந்தால் மழைநீர் எங்கே போகும்? தாழ்ந்த வீட்டுக் கொல்லைக்குத்தான் வரும். ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன், ஒரு நல்ல மாலை மழையில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மழை கொட்டும். அப்போது பார்ப்பதுதான் கணக்கு.

தண்ணீர் தேங்கும் பள்ளத்திலேயே குளம் வெட்டிவிடலாம் என்று தோன்றும். அது தவறு. அந்தப் பள்ளத்துக்கு வரும் நீர் அடுத்த வீட்டுச் சாக்கடையையும், கோழிக் கூண்டையும், செம்பனைக்குப் போட்ட உரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். உரத்தில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் செம்பனையை வளர்ப்பது போலவே பாசியையும் வளர்க்கும். மூன்றே நாளில் குளம் பச்சைக் குழம்பாகிவிடும். பள்ளத்துக்குச் சற்று மேலே, வெளிநீர் உள்ளே வராதபடி கரையை ஒரு முழம் உயர்த்தி வெட்டுவதே சரி. மலக்குழித் தொட்டி இருந்தால் அதற்கு வெகு தொலைவில், அதைவிட மேட்டில் இருக்க வேண்டும்.

மரங்களும் முக்கியம். நிழல் வேண்டும் என்று பால் மரத்தடியில் குளம் வெட்டுபவர் பிப்ரவரி வந்ததும் அழுவார். இலையுதிர் காலத்தில் அந்த மரம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூங்கிலும் அப்படித்தான், ஆண்டு முழுவதும் இலை கொட்டும், வேரும் விரிப்பைத் துளைக்கும். மூங்கில் ஆற்றில் மூங்கிலுக்கு இடமில்லையா என்று கேட்காதீர்கள்! பத்துப் பதினைந்து அடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். தென்னையின் கீழே வேண்டவே வேண்டாம். தேங்காய்க்குக் கண் உண்டு என்பது பழமொழி, அதை நம்பிப் பிள்ளையை இறக்க முடியாது.

இன்னொன்று. தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவர்கள் நிலம் நிர்வாகத்துடையது என்பதை நினைவில் வையுங்கள். சொந்த நிலமாக இருந்தாலும் நகராண்மைக் கழகத்தில் கேட்டு, அனுமதி வாங்க வேண்டியதை வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். அனுமதி இல்லாமல் கட்டியதை மூடச் சொன்னால், வெட்டிய கூலியும் போகும், மூடும் கூலியும் சேரும்.

எவ்வளவு பெரிது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீந்தும் பகுதி 20 அடி நீளம், 10 அடி அகலம். ஒரு முனையில் 3 அடி ஆழம், மறு முனையில் 5 அடி. செடிகளுக்கு ஏறத்தாழ அதே அளவு பரப்பு வேண்டும், ஆனால் ஆழம் ஒன்றேகால் அடி போதும். நீந்தும் இடத்துக்குப் பாதி, செடிக்குப் பாதி என்பதுதான் இந்த வகைக் குளங்களின் பொது விதி. செடியைக் குறைத்தால் தண்ணீர் கெடும். இரண்டும் சேர்ந்து சுமார் 30,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். குழாயில் நிரப்பினால் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாம். ஆனால் மழையின் முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். அது கூரையில் உள்ள பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும்.

நம் வெயிலில் ஒரு நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகும். இந்த அளவுக் குளத்தில் அது நாளொன்றுக்கு 150 முதல் 185 லிட்டர் வரை. ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 1,850 லிட்டர் ஒரேயடியாக வந்து சேரும். ஆகவே நிரப்பும் குழாயைவிட வழிந்தோடும் குழாய்க்குத்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும். வழியும் வாயில் வலை கட்டாவிட்டால் மீனெல்லாம் அலூருக்குப் போய்விடும்.

அடியில் என்ன போடுவது? களிமண் நன்றாக இருந்தால் மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். ஆனால் ஆள் இறங்கும் குளத்தில் அது கலங்கிக்கொண்டே இருக்கும். சிமிந்தி உறுதியானது, செலவும் அதிகம். இப்போது பலரும் தடித்த ரப்பர் விரிப்பை விரிக்கிறார்கள். மகிழ்ந்து போகாதீர்கள், நாம் சீவிய பால் அல்ல அது. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வரும் செயற்கை ரப்பர். என்ன செய்வது!

அடித்தளத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு விரிப்புப் போட்டால் காட்டுக் குளம் போல அழகாகத் தெரியும். படங்களில் பார்க்கும் குளங்கள் பலவும் அப்படித்தான். ஆனால் அடியில் ஒரு குழந்தை கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நீந்தும் பகுதிக்கு வெளிர் நிறமே போடுங்கள். செடிப் பகுதி எப்படியும் கருத்துத்தான் தெரியும், அந்த அழகு போதும்.

தண்ணீர் சுற்றி வர ஒரு சின்னப் பம்பு வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் இறைப்பதாக இருந்தால் பதினைந்து மணி நேரத்தில் குளம் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். இரவிலும் நிறுத்தாதீர்கள். கூழாங்கல்லில் வாழும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கலந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அவை செத்து, நாற்றம் எடுக்கும். மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம் என்பதால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, மின்கசிவுத் தடுப்பியுடன் இணைப்புக் கொடுங்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

செடி வாங்க எங்கே போவது?

சுங்கை பூலோக்காரருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் செடி வாங்க வருவது உங்கள் ஊருக்கல்லவா! அந்த நர்சரிகளின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முன் செத்தாப்பாக் முகாமில் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தவர்களைத் தோட்ட நகரம் போன்ற ஓர் இடத்தில் குடிவைத்தார்கள். வெளியுலகம் தொட அஞ்சிய அந்த மனிதர்கள் மண்ணைத் தொட்டார்கள். பூச்செடி வளர்த்து விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். நோய்க்கு மருந்து வந்து குணமான பிறகும் அந்தத் தொழில் நிலைத்தது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்ற அந்த இடத்தின் ஒரு பகுதி 2007இல் இடிக்கப்பட்டது. இன்று நீங்கள் வாங்கும் ஒரு கன்று அல்லிக்கும் அந்த மண்ணோடு உறவு உண்டு.

எதை வாங்குவது? சம்பு, கோரை, கல்வாழை ஆகியவை தண்ணீரில் உள்ள சத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரர்கள். கூழாங்கல் படுகையில் இவற்றை நடுங்கள். மண் வேண்டாம், கல்லே போதும். மண்ணோடு நட்டால் அந்த மண்ணின் சத்தே பாசிக்குத் தீனியாகும். அல்லியும் தாமரையும் நீர்ப்பரப்புக்கு நிழல் தரும். செடிப் பகுதியில் பாதிக்கு மேல் இலை மூடியிருந்தால் பாசி அடங்கும். ஓரத்தில் வல்லாரையும் பண்டானும் வைத்தால் சமையலுக்கும் ஆயிற்று. கங்கோங் கீரை வேகமாக வளரும், வாரம் ஒருமுறை அறுக்கலாம். அறுத்ததை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். செடி உறிஞ்சிய சத்து, செடி அழுகினால் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

நர்சரிக்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாதது ஒன்று உண்டு. ஊதா நிறப் பூப்பூத்து மிதக்கும் வெங்காயத்தாமரை. மலாயில் 'கெலாடி புந்திங்' என்பார்கள். பார்க்க அழகு. ஆனால் சில வாரங்களில் குளத்தை மூடிவிடும். அதைவிடக் கேடு, மன்சோனியா என்னும் கொசுவின் புழு அதன் வேரில் துளையிட்டு ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே மூச்சு விடும். தண்ணீர்மேல் எண்ணெய் அடித்தாலும் சாகாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று.

கொசு

"குளம் வைத்தால் கொசு வராதா?" வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. இதற்குக் கிள்ளானே பதில் சொல்லும்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். கிள்ளானும், புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் காய்ச்சலில் கிடந்தன. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரும் அதில் மடிந்தார்கள். வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்தார், காட்டை அழித்தார். காய்ச்சல் தணிந்தது. நிழல் மூடிய சதுப்புநீரில் வளரும் கொசுதான் அங்கே குற்றவாளி. நிழல் போனதும் அதற்குப் பிழைப்பில்லை.

சரி, இதே மருந்து எல்லா இடத்துக்கும் ஆகும் என்று நினைத்தார்கள். மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைக்கரைக் காட்டை வெட்டினார்கள். அங்கே காய்ச்சல் அதிகரித்தது! காரணம், மலையோடையில் வளர்ந்தது வேறு கொசு. அதற்கு வெயில் படும் தெளிந்த நீர்தான் பிரியம். நிழலை வெட்டியவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகே ஓடைகளைப் பூமிக்கடியில் குழாயில் விடுவதும், தேங்கிய நீரில் எண்ணெய் அடிப்பதும் வந்தன. வாட்சன் இதையெல்லாம் 1911இல் புத்தகமாக எழுதினார். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் பொதுவாக ஒன்றைச் செய்யக்கூடாது என்பதை உலகம் கற்றுக்கொண்டது நம் தோட்டங்களில்தான். அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

இப்போது உங்கள் குளத்துக்கு வருவோம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, மீன் ஓடும் குளத்தை விரும்புவதில்லை. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாளி, அடைத்துக்கொண்ட கூரைத் தகரம் போன்றவற்றில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்தம். முட்டை கொசுவாகச் சுமார் ஏழு நாள் முதல் பத்து நாள் போதும். குளத்துக்காக வாங்கி மூலையில் போட்ட வாளியும் உறையும்தான் குளத்தைவிட ஆபத்து! வாரம் ஒருமுறை கொல்லையைச் சுற்றி வாருங்கள். 1975ஆம் ஆண்டின் நோய்ப் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்க முடியும். குளத்தைப் பொறுத்தவரை தண்ணீர் அசைய வேண்டும், கரையோரப் புல் நீரில் விழுந்து கிடக்கக்கூடாது, கப்பி மீன் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அலூரில் பாட்டிலால் பிடிக்கும் அதே மீன்தான். அதற்குத் தீனி போடாதீர்கள். பசித்தால்தான் புழுவைத் தின்னும். கோய் மீனும் திலாப்பியாவும் வேண்டாம். அடியைக் கிளறிச் செடியைப் பிடுங்கிவிடும்.

கொசுவைவிட எனக்குக் கவலை தருவது எலி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கினால், தோலில் உள்ள கீறல் வழியாக நோய்க்கிருமி உள்ளே போகும். 'கென்சிங் திகுஸ்' என்று எல்லாருக்கும் தெரியும். 2010இல் பகாங் மாநிலத்தில் லூபுக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேடப் பலர் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு மெலியோய்டோசிஸ் என்னும் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியின் நோய் கண்டது. நால்வருக்கு எலிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். வீட்டுக் குளம் ஆறல்ல. இருந்தாலும் குப்பையும் சோற்று மிச்சமும் குளத்தருகே கிடக்கக்கூடாது. பெருமழைக்குப் பின் கலங்கியிருக்கும்போது இறங்கக்கூடாது. கால் புண் உள்ளவரும் சர்க்கரை நோயாளியும் மருந்தில்லாத குளத்தில் நீந்துவதைத் தவிர்ப்பது நல்லது. குளித்த பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "குளத்தில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்தக் கவலைகளைக் கேட்டு மனம் தயங்கினால், குளத்தை மீனுக்கும் அல்லிக்கும் விட்டுவிட்டுக் கரையில் உட்காருங்கள். அதிலும் குறைவில்லை.

பிள்ளைகள்

ஈயக்குட்டைகளில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, இரண்டடி வைத்தால் அடியே இருக்காது. அந்தப் பயம் இல்லாமல் நம் பிள்ளைகள் நீச்சல் பழக வேண்டும் என்பதுதான் கொல்லையில் குளம் வைக்க நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பெரிய காரணம். ஆனால் காவல் இல்லாத குளம், ஈயக்குட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தது போலத்தான்.

நான்கு பக்கமும் வேலி வேண்டும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்பது போதாது. குழந்தை பின்கதவு வழியாகத்தான் போகும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளங்களுக்குக் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியைச் சட்டமே கேட்கிறது. கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டக்கூடாது. வேலியருகே நாற்காலி, பூச்சட்டி எதையும் வைக்காதீர்கள். ஏறுவதற்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்ததாகும். வேலி அழகைக் கெடுக்கும் என்பவர்கள் அதன்மேல் ஒரு கொடியைப் படரவிடட்டும், உள்ளே தெரியும்படி.

குழந்தை மூழ்கும்போது கத்தாது. சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டாது. ஓசையில்லாமல் போய்விடும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரை பெரியவர் ஒருவர், கைத்தொலைபேசியைப் பார்க்காமல், கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் இடி கேட்டதுமே எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும்.

மருந்துக் குளம் பார்ப்பவர்களுக்கு

நீலத் தொட்டியைப் பராமரிக்கும் நம் தோழர்களுக்குச் சில வரிகள். குளோரின் அளவு 1 முதல் 3 வரை, காரத் தன்மை 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். மழை பெய்தால் மறுபடி சோதியுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் மாலையில் போடுவது சிக்கனம். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேர்க்காதீர்கள். எழும் புகை நுரையீரலை எரித்துவிடும். மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மழைக்காலத்தில் கழுவுவதற்காக முழுக் குளத்தையும் இறைத்துக் காலியாக்காதீர்கள். கிள்ளான் போன்ற தாழ்நிலங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும். உள்ளே தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால், சிமிந்தித் தொட்டியையே அந்த நீர் கீழிருந்து படகு போலத் தூக்கிவிடும். தொட்டி வெடித்த பிறகு பழி வேலைக்காரர்மேல்தான் விழும்.

செடிக் குளத்துக்கு இவ்வளவு மருந்துக் கணக்கு இல்லை, ஆனால் கை வேலை உண்டு. தினம் ஐந்து நிமிடம் வலையால் இலை அரித்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை செடி அறுத்து, வண்டல் தொட்டியைக் கழுவ வேண்டும். கழுவிய வண்டலை வாழைக்கு ஊற்றுங்கள், குலை தள்ளும். இறங்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் உடம்பைக் கழுவ வேண்டும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் தண்ணீர்மேல் படலம் மிதக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குக் குளியலறையே சரி! சோப்பும் சாம்பும் குளத்துப் பக்கமே வரக்கூடாது.

கொல்லையே இல்லாதவர்கள், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், ஓர் அகன்ற மண் தொட்டியில் ஒரு அல்லி, நாலு கப்பி மீன் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்த பிறகு மீனை விடுங்கள்.

புதுக் குளத்தில் முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும். எல்லாருக்கும் ஆகும். பயந்துபோய்க் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புபவர் மறுபடி பச்சையைத்தான் பார்ப்பார். புதுத் தண்ணீர் புதுச் சத்தோடு வருகிறது. குளோரின் போட்டாலோ கல்லில் குடியேறிய நுண்ணுயிரெல்லாம் செத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். பம்பை ஓடவிட்டு, பாசியைக் கையால் வாரிக்கொண்டே பொறுத்திருங்கள். சம்பு வேர் பிடித்ததும் தண்ணீர் மெல்லத் தெளியும். அடிக்கல் தெரியத் தொடங்கும்போது தட்டான்களும் வந்து கோரையில் உட்காரும். அவற்றை விரட்டச் சொல்லிப் பிள்ளைகளை ஏவாதீர்கள். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்கிறது.